உலை வைக்கும் முன் ஒரு பிடி

அன்றாடம் சமைக்கும் அரிசியில் ஒரு பிடியைச் சபைக்கென்று எடுத்துவைக்கும் பிடி அரிசிக் காணிக்கையைப் பல சபைகள் கைவிட்டுவிட்டன. பெண்கள் ஐக்கிய சங்கத்தின் ஆண்டறிக்கையில் ஒரு வரியாக மட்டும் அது மிஞ்சியிருக்கிறது. காணிக்கைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே கியூஆர் கோடு ஒட்டியிருக்கும் காலத்தில் அரிசியை அள்ளிச் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வருவானேன் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தேவனுக்குப் பிரியமாய் நடப்பதைப் பிரசங்க பீடத்திலிருந்து அடுப்படிக்குக் கொண்டுவரும் பழக்கம் தமிழ்ச் சபைகளிடம் இதைப்போல இன்னொன்று இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அதை எப்படி நடத்த வேண்டும், எங்கே கெட்டுப்போகிறது, ஏன் என்பதை விவரமாகச் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அரிசி யாரையும் இரட்சிக்காது. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்று எபேசியர் 2-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தில் பவுல் எழுதுகிறார். அதோடு பலர் புத்தகத்தை மூடிவிடுகிறோம். இரண்டு வசனம் தள்ளி, 10-ஆம் வசனத்தில், நற்கிரியைகளைச் செய்வதற்கென்றே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம், அவற்றில் நடக்கும்படி தேவன் முன்னதாகவே அவற்றை ஆயத்தம் பண்ணியிருக்கிறார் என்று அவரே சொல்கிறார். மூன்று வசனங்களும் ஒரே மூச்சில் எழுதப்பட்டவை. யாக்கோபு தன் நிருபத்தில் இதற்கு எதிராக எதையும் சொல்லவில்லை. வஸ்திரமும் அன்றாட ஆகாரமும் இல்லாத ஒரு சகோதரனைப் பார்த்து, "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புகிற விசுவாசத்தைத்தான் செத்தது என்கிறார். பவுலிடம் ஒருவர் போய் அப்படிப்பட்ட விசுவாசத்தைக் காட்டியிருந்தால் அவரும் அதையேதான் சொல்லியிருப்பார்.

விசுவாசத்தினால் மட்டுமே நீதிமான் ஆக்கப்படுகிறோம் என்று ஓங்கிச் சொன்ன ஜெர்மானியச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர், யாக்கோபின் நிருபத்தை 1522-இல் வைக்கோல் நிருபம் என்று தாழ்த்தி எழுதியவர். அடுத்த ஆண்டே, சாக்சனியிலுள்ள லைஸ்னிக் என்ற சிற்றூரின் சபை ஏழைகளுக்காகப் பொதுப்பெட்டி ஒன்று வைத்தபோது, அதன் விதிமுறைகளுக்கு முன்னுரை எழுதி அச்சிட்டதும் அதே லூதர்தான். அந்தப் பெட்டிக்கு நான்கு பூட்டு. பிரபுக்கள், நகரசபையார், ஊர்க்குடிகள், சுற்றுவட்டார விவசாயிகள் என்று நால்வகையாரிடமும் ஒவ்வொரு சாவி. பத்துப் பேர் பொறுப்பாளர்கள், ஞாயிறுதோறும் கூட்டம். கிரியையினால் இரட்சிப்பில்லை என்று நம்பிய சபைக்கு, கிரியை ஒழுங்காக நடக்க வேண்டும் என்பதில் இத்தனை அக்கறை. ஏழைக்குக் கொடுத்துப் புண்ணியம் சேர்க்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லாமல் போனது. அதனாலேயே கொடுக்கிறவனின் கணக்கை விட்டுவிட்டு வாங்குகிறவனின் தேவையைப் பார்க்க முடிந்தது.

பிடி அரிசி நம் ஊருக்கு மட்டும் உரியது அல்ல. கேரளத்தில் இதைப் பிடியரி என்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் சாவறா குரியாக்கோஸ் எலியாஸ் அடிகள் பள்ளிப் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்காக அதை ஊக்குவித்தார். மிசோரம் பிரெஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-இல் தொடங்கியதை இன்றுவரை விடவில்லை. அந்தச் சபை ஆண்டுதோறும் பல கோடி ரூபாயை இந்த ஒரு பிடியிலிருந்தே திரட்டுகிறது. தொடக்கத்தில் அது செல்வம் படைத்த சபை அல்ல. சாப்பிட அரிசி இருக்கிற வீட்டில் கொடுக்கவும் அரிசி இருக்கும் என்ற எண்ணம்தான் அவர்களுடைய மூலதனம்.

இனி செய்முறைக்கு வருவோம். அன்றைய சமையலுக்கு அரிசியை அளந்து பாத்திரத்தில் போட்ட பிறகு, களைவதற்கு முன், அந்தப் பாத்திரத்திலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனி டின்னில் போட வேண்டும். பலர் மூட்டையிலிருந்து அள்ளிப் போடுகிறார்கள். எடை ஒன்றுதான். ஆனால் மூட்டையிலிருந்து எடுத்தால் அது இருப்பிலிருந்து கொடுத்தது. அளந்த அரிசியிலிருந்து எடுத்தால் அன்றைய சாப்பாட்டிலிருந்து கொடுத்தது. அந்த வேளைக்கு வீட்டில் ஒரு பிடி குறைகிறது, குறைகிறது என்று எடுக்கிற கைக்குத் தெரிகிறது. களைந்த பிறகு எடுக்கவே கூடாது. ஈரம் பட்ட அரிசி ஒரு பிடி விழுந்தாலே டின் முழுவதும் பூசணம் பிடித்து வாடை வந்துவிடும். எடுக்கிற கையும் காய்ந்திருக்க வேண்டும். ஒரு ஸ்தோத்திரத்தைச் சொல்லிவிட்டுப் போட்டால் நல்லது. நீண்ட ஜெபம் வேண்டாம். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது நடக்கிற காரியம் இது.

பெண்களின் கைக்கு ஒரு பிடி என்பது ஏறத்தாழ 40 கிராம். ஒரு வேளை சோறு வைக்கும் வீட்டில் மாதத்துக்கு 1 கிலோ 200 கிராம் சேரும். 60 வீடுகள் என்றால் 72 கிலோ. இரண்டு வேளை சோறு பொங்கும் கிராமத்துச் சபையில் இதே வீடுகளிலிருந்து 144 கிலோ வந்துவிடும். எந்த வீட்டுக்கும் இது பாரமாக இராது. பவுலும் எருசலேமின் ஏழைகளுக்காகக் கொரிந்துவில் பணம் சேர்க்கச் சொன்னபோது இந்த வழியைத்தான் காட்டினார். வாரத்தின் முதல்நாள்தோறும் அவனவன் தன் வரவுக்குத் தக்கதாக எதையாகிலும் தன்னிடத்திலேயே சேர்த்து வைக்க வேண்டும், தான் வந்திருக்கும்போது பணம் சேர்க்கிற வேலை இருக்கக் கூடாது என்றார். உருக்கமான பிரசங்கத்தைக் கேட்ட சூட்டில் பையைக் காலி செய்வதை அவர் விரும்பவில்லை. சிறிதாக, முறையாக, யாரும் பார்க்காத இடத்தில் என்பது அவர் வகுத்த முறை.

டின்னை 15 நாளுக்கு ஒருமுறை வீடுவீடாகப் போய் வாங்கிவிட வேண்டும். பண்டிகைக்கு மொத்தமாகக் கொண்டுவாருங்கள் என்று சொன்ன சபைகளில் வந்து சேர்ந்தது பாதி அரிசி, பாதி வண்டு. நம் வெப்பத்தில் அரிசிக்குள் இட்ட முட்டை வண்டாகி வெளியே வர ஒரு மாதம் போதும். வேப்பிலையைக் காயவைத்துப் போடுவதும் வற்றல் மிளகாய் நாலைந்து போடுவதும் கொஞ்சம் உதவும், முழுக்கக் காக்காது. சேர்ந்த அரிசியைத் தரையில் படாமல் பலகைமேல், சுவரை ஒட்டாமல் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் ஆலயத்துப் பின்னறைகள் ஓதம் காத்துக் கிடக்கும். அங்கே மூட்டை அடுக்கினால் கீழ்மூட்டை கட்டி கட்டியாகிவிடும்.

எல்லார் வீட்டு அரிசியையும் ஒரே சாக்கில் கொட்டுவதுதான் நான் பார்த்தவரை அதிகம் நடக்கிற தவறு. ஒரு வீட்டில் பொன்னி புழுங்கல், ஒரு வீட்டில் பச்சரிசி, இன்னொரு வீட்டில் இட்லி அரிசி, அடுத்த வீட்டில் ரேஷன் அரிசி. பச்சரிசி 15, 20 நிமிடத்தில் வெந்துவிடும். புழுங்கல் வேக அரை மணிக்கு மேல் ஆகும். கலந்த அரிசியை உலையில் போட்டால் ஒன்று குழைந்து கஞ்சியாக, மற்றது நறுக்கரிசியாக நிற்கும். அதை வாங்கிக்கொண்டு போகிற விதவைத் தாயார் யாரிடமும் வாய் திறந்து சொல்ல மாட்டார். கொடுத்தது அத்தனையும் சகித்துக்கொண்டு சாப்பிட வேண்டிய சோறாகிவிடும். வாங்கப் போகும்போதே மூன்று பை கொண்டுபோனால் போதும்: புழுங்கல், பச்சை, ரேஷன். இட்லி அரிசி வந்தால் தனியாக மடித்துக்கொள்ளலாம். இவ்வளவு சின்ன விஷயத்தில்தான் அன்பு இருக்கிறதா இல்லையா என்பது வெளிப்படுகிறது.

ரேஷன் அரிசியைப் பற்றி இரண்டு விஷயம். வழக்கமாகச் சேர்ந்த அரிசியை ஆராதனை முடிந்ததும் ஏலம் விட்டுப் பணமாக்குகிறார்கள். பொது விநியோக அரிசியை விற்பதும் வாங்குவதும் அத்தியாவசியப் பொருட்கள் சட்டப்படி குற்றம். தேவனுடைய வேலைக்குத்தானே என்று அதைச் சாக்கோடு ஏலம் விடுவது சரியல்ல. சமைத்துப் பரிமாறலாம், சபையார் சேர்ந்து சாப்பிடும் அசனத்துக்குச் சேர்க்கலாம், அப்படியே தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுக்கலாம். மற்றது இன்னும் கூர்மையானது. வீட்டில் பொன்னி பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டு, காணிக்கை டின்னுக்கு மட்டும் ரேஷன் அரிசியை ஒதுக்குகிறவர்கள் உண்டு. மல்கியா தீர்க்கதரிசியின் காலத்தில் கண் ஊனமானதையும் கால் ஊனமானதையும் பலிபீடத்துக்குக் கொண்டுவந்தார்கள். "அதை நீ உன் அதிபதிக்குச் செலுத்து, அவன் உன்மேல் பிரியமாயிருப்பானோ?" என்று கர்த்தர் கேட்டார். ரேஷன் அரிசியையே சாப்பிடுகிற வீட்டிலிருந்து வரும் ரேஷன் அரிசி முழுக் காணிக்கை. அளவுகோல் அரிசியின் ரகம் அல்ல, அந்த வீட்டுச் சோறு.

இதை ஒட்டியே ஏழை வீடுகளை விட்டுவிடும் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். நாமே உதவி செய்கிற குடும்பத்திடம் எப்படி டின் கொடுப்பது என்று கமிட்டியார் தயங்குகிறார்கள். தயங்கக் கூடாது. சாறிபாத் ஊர் விதவையிடம் இருந்தது பானையில் ஒரு பிடி மாவுதான். எலியா தீர்க்கதரிசி அவளிடம்தான் அப்பம் கேட்டார். கொடுக்கிற பட்டியலிலிருந்து ஒருவரை நீக்குவது அவரை வாங்குகிறவராக மட்டுமே நிறுத்திவைப்பது. மனவிருப்பம் இருந்தால் இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று பவுல் சொல்வது அவர்களுக்குத்தான் முதலில் பொருந்தும். டின்னைக் கொடுங்கள். ஒரு மாதம் வராவிட்டால் ஏன் என்று கேட்காதீர்கள்.

இப்போது அரிசி யாருக்கு, என்னவாகப் போய்ச் சேர வேண்டும் என்பது. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்காரர்களுக்கு 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். ஆகவே அட்டை கையில் உள்ள ஒரு தனிக்கட்டைப் பாட்டிக்கு மாதம் பத்துக் கிலோ அரிசி கொண்டுபோய் இறக்குவது பல நேரம் அவருக்குத் தேவையில்லாத ஒன்றைக் கொடுப்பதாகிறது. அவருக்குக் குறைவது துவரம்பருப்பு, நல்லெண்ணெய், பால், பிரஷர் மாத்திரை, அரசு மருத்துவமனைக்குப் போய்வரப் பேருந்துக் காசு. நல்ல அரிசியைச் சபைக்குள்ளேயே கடை விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் இவற்றை வாங்குவதே சிறந்தது. வாங்கும்போதும் யோசிக்க வேண்டும். ஐந்து லிட்டர் எண்ணெய் டின் விலை மலிவு, ஆனால் எழுபது வயதுக் கையால் அதைச் சாய்த்து ஊற்ற முடியாது. அரை லிட்டர் பாக்கெட் இரண்டு போதும். சர்க்கரை நோயாளிக்குச் சீனி வைக்கக் கூடாது. பல் இல்லாதவருக்கு முறுக்கும் தட்டையும் அடங்கிய கிறிஸ்துமஸ் பாக்கெட் எதற்கு? பட்டியலை ஒரே மாதிரி அச்சடித்து எல்லார் வீட்டுக்கும் ஒரே பையைக் கொண்டுபோவது நமக்கு எளிது. கேட்டுத் தெரிந்துகொள்வது வாங்குகிறவருக்கு நல்லது. "ஆச்சி, பருப்பு இருக்கா? மாத்திரை எத்தன நாளைக்கு வரும்?" என்று இரண்டு கேள்வி கேட்டால் வேலை முடிந்தது.

அட்டையே இல்லாதவர்கள், வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள், பெயர் நீக்கப்பட்டவர்கள், இவர்களுக்குத்தான் அரிசி அரிசியாகவே வேண்டும். அவர்கள் பெரும்பாலும் சபைப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். கலாத்தியர் 6-ஆம் அதிகாரம் விசுவாசக் குடும்பத்தாரை விசேஷமாகச் சொல்கிறது, ஆனால் அதற்கு முன் "யாவருக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் அங்கே வருகிறது.

பட்டியலை யார் எழுதுவது என்பதில் வேதம் தரும் படிப்பினையை நம் சபைகள் போதுமான அளவு கவனிக்கவில்லை. எருசலேம் சபையில் கிரேக்கரானவர்களின் விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது உணவுப் பங்கீட்டில், விடுபட்டுப் போனார்கள். முறுமுறுப்பு வந்தது. அப்போஸ்தலர்கள் அதை அடக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்று ஏழு பெயரும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டுப் போன தரப்பின் கையிலேயே பந்தி விசாரணையைக் கொடுத்துவிட்டார்கள் என்றே நான் வாசிக்கிறேன். தமிழ்ச் சபைகளில் சாதி இன்னும் தெருத்தெருவாகப் பிரிந்து கிடக்கிறது. உதவிப் பட்டியலை ஒரே தெருக்காரர்கள் உட்கார்ந்து எழுதினால் அடுத்த தெருவின் பசி அவர்கள் காதுக்கு வராது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலே இது நடக்கும். அந்தத் தெருவிலிருந்து இருவரையாவது பட்டியல் எழுத உட்கார வையுங்கள். பார்வையாளராக அல்ல, பேனா அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

பிள்ளைகள் நல்ல நிலையில் இருந்தும் கைவிடப்பட்ட பெற்றோர் விஷயத்தில் 1 தீமோத்தேயு 5 தெளிவாக இருக்கிறது. முதற்கடமை பிள்ளைகளுக்கும் பேரன் பேத்திகளுக்கும்தான், சபை பாரப்படக் கூடாது. சிக்கல் என்னவென்றால் சபை அந்தப் பிள்ளைகளிடம் பேசி முடிக்கும்வரை தாய் பட்டினி கிடக்க முடியாது. பையைக் கொண்டுபோய் வையுங்கள். அந்த வாரமே இரண்டு மூப்பர் மகனைப் பார்க்கப் போகட்டும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் அந்த அதிகாரத்துக்குக் கீழ்ப்படிந்ததாகும்.

கணக்கு. எருசலேமுக்குப் பணம் கொண்டுபோகப் பவுல் தனியாகப் போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்தவர்களைக் கூட்டிக்கொண்டார். ஒருவனும் குற்றப்படுத்தாதபடிக்கு, கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவற்றைச் செய்ய நாடுகிறோம் என்று காரணமும் எழுதினார். நம் சபைக்கு இரண்டு நோட்டு வேண்டும். ஒன்றில் தேதி, வந்த அரிசி ரகவாரியாகக் கிலோவில், விற்ற தொகை, வாங்கிய பொருள், மீதி. இருவர் கையெழுத்து. அது யார் கேட்டாலும் காட்டக்கூடிய நோட்டு. மற்றதில் யார் யாருக்கு என்ன போனது என்பது. அது குருவானவரிடமும் இன்னொருவரிடமும் மட்டும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நோட்டில் எழுதினால், கணக்குப் பார்க்கிற ஒவ்வொருவரும் யார் வீட்டில் இல்லாமை என்று படித்துவிடுவார்கள்.

மாதக் கடைசி ஞாயிறு மொத்தத்தை மட்டும் வாசித்தால் போதும். வீட்டுவாரியாக வாசிக்கும் சபையில் ஓரிரு ஆண்டில் என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதான். பக்கத்து வீட்டு எடையைக் கேட்டவர்கள், டின் எடுக்க வருகிற அன்று கடையில் இரண்டு கிலோ வாங்கிக் கொட்டிவிடுவார்கள். அரிசி கூடும், பிடி நின்றுவிடும். இன்னும் சில இடங்களில் "பிடி அரிசி பாக்கி" என்று எழுதி, திருமண அறிவிப்பான ஓலையை ஆலயத்தில் வாசிக்கக் கேட்டு வரும்போது வசூலிக்கிறார்கள். அது வரி. அதற்கும் விசுவாசத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

கொண்டுபோய்க் கொடுக்கும் விதத்தில்தான் பெரும்பாலான நல்ல எண்ணங்கள் பாழாகின்றன. ஞாயிறு ஆராதனை முடிந்து பெயர் கூப்பிட்டு, ஆல்டர் முன் நிறுத்தி, பையை நான்கு பேர் பிடித்துக்கொண்டு படம் எடுத்து, வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். நன்கொடையாளருக்குக் காட்ட வேண்டும் என்பார்கள். இரண்டு கையெழுத்துள்ள நோட்டு அதற்குப் போதும். வலது கை செய்கிறதை இடது கை அறியாதிருக்கக்கடவது என்று ஆண்டவர் சொன்ன பிறகு, அந்த வீட்டுப் பள்ளிப் பிள்ளையின் வகுப்புத் தோழர்களுக்குத் தெரியும்படி செய்வது எப்படி அவருக்குப் பிரியமாயிருக்கும்? சபைப் பெயர் அச்சடிக்காத சாதாரணத் துணிப்பை. வாரநாள், சாயங்காலம் நாலு ஐந்து மணி. இரண்டு பேர் போதும், அதில் ஒருவர் கட்டாயம் பெண். பைக்கை வாசலில் நிறுத்தி ஹாரன் அடிக்காமல், உறவுக்காரர் போல உள்ளே போக வேண்டும்.

உள்ளே போனதும் முதலில் பையை அடுப்படியில் வைத்துவிடுங்கள். அதன் பிறகு உட்காருங்கள். ஜெபம் செய்துவிட்டுப் பையைக் கொடுத்தால், ஜெபத்துக்கு உட்கார்ந்ததற்குக் கிடைத்த கூலி போல ஆகிவிடும். குறிப்பாக வேறு மார்க்கத்தார் வீட்டில் இது மிகவும் தவறு. பை வைத்தாகிவிட்டது, இனி அவர்கள் வேண்டாம் என்று சொன்னாலும் ஒன்றும் குறையாது என்ற நிலையில்தான் "ஜெபிக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும். ஆலயத்துக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வியை அந்த நாளில் எடுக்கக் கூடாது. அதற்கு வேறு நாள் வெறுங்கையோடு போங்கள். காப்பி கொடுத்தால் குடியுங்கள். மறுத்தால் அவர்கள் கொடுப்பதை நாம் தடுத்ததாகும்.

எப்போது கொடுப்பது என்பதையும் பார்த்துவிட்டால் முடிந்தது. டிசம்பரில் எல்லாச் சங்கமும் கொடுக்கும். ஒரே வீட்டுக்கு நான்கு கேக், நான்கு புடவை வந்து சேரும். ஏழை வீட்டில் கை ஒடிகிற மாதங்கள் வேறு. ஜூனில் பள்ளி திறக்கும்போது நோட்டு, பை, வேன் கட்டணம் எல்லாம் ஒரே வாரத்தில் வரும். அக்டோபர், நவம்பர் வடகிழக்கு மழையில் கொத்தனார், சித்தாள், பெயின்டர், உப்பளத் தொழிலாளி என்று யாருக்கும் வேலை இராது. கிழக்குக் கடற்கரை ஊர்களில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் நடுவில் தொடங்கி 61 நாள். உங்கள் சபையார் என்ன தொழில் செய்கிறார்கள் என்பதைப் பார்த்து மாதத்தைத் தீர்மானியுங்கள். டிசம்பரில் சேரும் அரிசியை விற்றுத் தொகையைத் தனியாகப் போட்டு வைத்துவிட்டு, மழை பிடித்த இரண்டாம் வாரம், கடன் வாங்கப் போகுமுன் அந்த வீட்டுக்குப் போய்ச் சேருங்கள். பணம் தீர்ந்துபோன சமயத்தில் ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்தால், கமிட்டி கூடும்வரை காத்திருக்க வேண்டாம். கேள்விப்பட்டவர் தன் வீட்டு அரிசியை அன்று இரவே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மறுநாள் நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.